வந்த காரணம்

ஐந்து வருகைப் பதிவேடுகளைப் புரட்டி முடித்த பேராசிரியர் நரசிம்மன் ஆறாவதைத் தள்ளி வைத்தார்.

தண்டலம் பக்கத்துச் சட்டக் கல்லூரி ஒன்றில் அவர் ஆராய்ச்சித் துறைத் தலைவர். ஆறு சிறப்பு ஆய்வு மையங்கள் அவர் பொறுப்பு. கடல்சார் சட்ட மையத்துக்கு ஒரு வருடத்தில் வந்தவர் ஒரே ஒருவர். அவரும் ஏ.சி. பழுது பார்க்க வந்தவர். விண்வெளிச் சட்ட மையத்துக்கு அவர்கூட வரவில்லை.

மறுநாள் மையங்களைப் பார்வையிட ஆய்வுக் குழு வருகிறது. தலைவர் சுந்தராம்பாள், ஓய்வு பெற்ற நீதிபதி. வெளியாட்களுக்குப் பயன்படும் மையம் ஒன்றாவது இல்லாவிட்டால் ஆறையும் மூடிவிடுவார்கள். நரசிம்மனின் பதவியும் அதோடு போகும்.

ஆறாவது பதிவேட்டை அரை மனதோடு திறந்தார். பெண் தொழிலாளர் சட்ட மையம். கேட்டை ஒட்டிய பழைய கட்டடம். யாரும் வேண்டாம் என்று தள்ளிவிட்ட இடம். உதவியாளர் லூர்து மேரி மட்டும்தான் அங்கே தினமும் இருப்பவர்.

திறந்த பதிவேட்டை நரசிம்மன் மூடவில்லை.

பக்கம் பக்கமாகப் பெயர்கள். ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு பேர். எல்லாம் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைப் பெண்கள். 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் முதல் பெண் 'சட்ட ஆலோசனை' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே அத்தனை பேரும் 'மேற்படி'.

பிழைத்தோம் என்று நாற்காலியில் சாய்ந்தார் நரசிம்மன். ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. வந்த நேரம் 3.10, போன நேரம் 3.14. நாலு நிமிடத்தில் என்ன ஆலோசனை? வகுப்பில் முன்னுரை சொல்லவே அவருக்கு நாற்பது நிமிடம் ஆகும்.

நேரிலேயே பார்த்துவிடலாம் என்று, மூன்று மணிக்கு மையத்தின் மூலையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார்.

முதல் ஷிப்ட் முடிந்து வந்த கம்பெனி பஸ் கேட்டுக்கு எதிரே நின்றது. சீருடைப் பெண்கள் இருபது பேர் இறங்கி வந்தார்கள். வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். சட்டப் புத்தக அலமாரியைத் திரும்பியும் பார்க்காமல் பின்கதவு வழியாகப் போனார்கள்.

நரசிம்மனும் எழுந்து பின்னாலேயே போனார். லூர்து மேரி ஓடி வந்து குறுக்கே நின்றார்.

"சார், அங்க போவாதீங்க. அது லேடீஸ் பாத்ரூம்."

நரசிம்மன் சட்டென்று இரண்டடி பின்வாங்கினார்.

லூர்து மேரி எதையும் மறைக்கவில்லை. தொழிற்சாலை லைனில் நின்று வேலை செய்யும் பெண்கள் மாற்று ஆள் வந்தால்தான் நகர முடியும், அதனால் பாதிப் பேர் தண்ணீரே குடிப்பதில்லை என்றார். இங்கே இறங்கி ஊர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள், ஸ்டாப்பில் ஒதுங்க ஒரு இடமும் இல்லை என்றார். கையெழுத்தும் காரணமும் எழுதாமல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று சார்தான் சுற்றறிக்கை போட்டிருந்தார். பாத்ரூம் என்று எழுதினால் மையத்துக்கு மரியாதையாக இருக்காதே என்று, எதை எழுதுவதென்று லூர்து மேரிதான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"அவங்களே கழுவி வுட்டுட்டுத்தான் சார் போறாங்க. நம்ம புள்ளைங்கள வுட சுத்தமா வெச்சிக்கிறாங்க."

"இது ஆராய்ச்சி மையம் மேரிம்மா. பஸ் ஸ்டாண்டு இல்ல."

கடைசிப் பெண் வெளியே வரும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற நரசிம்மன், தன் கையாலேயே கழிவறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இனி யாராவது இதற்காக உள்ளே வந்தால் உங்களுக்கும் இங்கே வேலை இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கழிவறையைத்தான் பூட்டினார். பதிவேட்டைப் பூட்டவில்லை. அதற்குப் புது அட்டை போட்டு, நாளைக்கு மேசை நடுவில் வைக்கச் சொன்னார்.

மறுநாள் பத்து மணிக்கு வரவேண்டிய சுந்தராம்பாள் பன்னிரண்டரைக்குத்தான் வந்தார். இருங்காட்டுக்கோட்டை அருகே லாரி ஒன்று குறுக்கே நின்றுபோய், இரண்டரை மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தாராம். நரசிம்மன் சால்வையை விரித்துக்கொண்டு முன்னால் ஓடினார். அந்த அம்மாள் சால்வையைப் பார்க்கவே இல்லை. நேரே லூர்து மேரியிடம் போய்க் காதோடு ஏதோ கேட்டார்.

லூர்து மேரி நரசிம்மனின் சட்டைப்பையைப் பார்த்தார்.

நரசிம்மன் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

சற்று நேரத்தில் திரும்பி வந்த சுந்தராம்பாளின் முகத்தில் தெளிவு வந்திருந்தது. நிதானமாக உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டினார்.

"ஆயிரத்துச் சொச்சம் பேர். எல்லாருக்கும் ஒரே சந்தேகமா? அப்படி என்ன கேட்டாங்க?"

நரசிம்மன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஊதியச் சட்டம், மகப்பேறு விடுப்பு என்று ஆரம்பித்தார். சுந்தராம்பாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தினமும் இங்க இருக்கறது இந்தம்மாதானே. அவங்க சொல்லட்டும்."

லூர்து மேரி ஒருமுறை நரசிம்மனைப் பார்த்தார். வேலை போய்விடும் என்பது நினைவிருந்தது. ஆனாலும் நீதிபதியிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நீங்க கார வுட்டு எறங்கினதும் என்னாண்ட இன்னா கேட்டீங்களோ, அதையேதாம்மா அவங்களும் கேட்டாங்க."

நரசிம்மன் கையிலிருந்த சால்வையை மெதுவாக மடிக்கத் தொடங்கினார்.

சுந்தராம்பாள் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பிறகு, சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். தன்னிடம்தான் என்றார் லூர்து மேரி.

"உங்ககிட்டயே இருக்கட்டும். இந்த மையமும் இருக்கட்டும்."

பிறகு பேனாவைத் திறந்து, கடைசிப் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் அவரும் 'மேற்படி' என்றே எழுதினார்.