ஒரு ஆஃப்பாயில்

கழுத்துக்குப் போன கையை மறுபடியும் இறக்கினாள்.

கட்டி வெளியே தெரிவதில்லை. கடலைப்பருப்பு அளவுதான்.

ஆனால் புற்றுநோய்.

பரவவில்லை, பயப்பட வேண்டாம் என்றுதான் டாக்டர் சொன்னார். தைராய்டில் பாதியை எடுத்தாலும் போதும். முழுதாகவும் எடுக்கலாம். பாதி என்றால் மிச்சத்தை அவ்வப்போது ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். மறுபடி வந்தால் மறுபடி கத்தி. முழுது என்றால் ஆயுளுக்கும் மாத்திரை. குரல் நரம்பு இரண்டு பக்கமும் ஓடுகிறது, இரண்டு பக்கமும் கை வைத்தால் ஆபத்து கொஞ்சம் கூடுதல்.

பாதியா, முழுதா என்று நாளைக் காலையில் வந்து சொல்லச் சொன்னார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து புருஷனின் பரோட்டாக் கடையில் அவள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது.

ஆஃப்பாயிலா, ஃபுல்பாயிலா?

சாயங்காலக் கூட்டம். ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. துடைத்த மேசையையே துடைத்தாள். சால்னா கேட்டவருக்குத் தண்ணீர் வைத்தாள்.

அவள் புருஷன் சங்கையா கல்லை விட்டுத் திரும்பவில்லை. பரோட்டா கொத்திக் கொத்தியே அவன் காது பாதி போய்விட்டது. வேறு யார் கத்தினாலும் கேட்காது. அவள் குரல் மட்டும் எப்படியோ போய்ச் சேரும்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஒரே பேச்சு. முழுசாக எடுத்துவிடலாம், எதற்கு மிச்சம் வைக்க வேண்டும் என்று. ரகசியமாகப் பேசுவதாக அவனுக்கு நினைப்பு. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

பயத்தில் பேசுகிறான். அவளுக்கும் பயம்தான்.

ஆனால் குரல் போய்விட்டால் இந்த மனுஷனை எப்படிக் கூப்பிடுவது?

இலைகளைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். எல்லோருக்கும் கேட்டது வந்திருந்தது.

"ஏங்க, ஒரு ஆஃப்பாயிலு!"

சங்கையா திரும்பினான். மேசை மேசையாகப் பார்த்தான். முட்டைக்குக் காத்திருக்கும் முகம் ஒன்றும் இல்லை.

பிறகு அவளைப் பார்த்தான்.

அவள் கை கழுத்தில் இருந்தது.

முட்டையை உடைத்துக் கல்லில் ஊற்றினான். புரட்டுவதற்காகக் கரண்டியை அடியில் விட்டான். அப்படியே கொஞ்ச நேரம் நின்றான்.

புரட்டவில்லை.

மிளகைத் தூவி, தானே எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான். மஞ்சள் கரு உடையாமல் இருந்தது.

குனிந்து அவள் காதோரம் ரகசியமாகச் சொன்னான்.

"ஸ்கேனு பாக்க நானும் கூட வாரேன்."

கடையே திரும்பிப் பார்த்தது.