அதே அலமாரி

"பாஸ்டர், கன்னக்கோல் வந்து உட்கார்ந்திருக்கான். வெளியே அனுப்பிடட்டுமா?" சபைச் செயலாளர் போதகரின் காதைக் கடித்தார்.

"கடைசி பெஞ்சுலதானே இருக்கார்? இருக்கட்டும்."

"திருவிருந்துக் கிண்ணத்தையே திருடினவன்! ஜெயிலுக்குப் போயிட்டு வந்துட்டா எல்லாம் சரியாப் போச்சா?"

"வாராவாரம் வர்றார். திருவிருந்து ஆரம்பிக்கிறதுக்குள்ள நழுவிடுறார். அதுதான் என் கவலை."

"நல்லதாப் போச்சு" என்று முணுமுணுத்தபடி செயலாளர் கிண்ணம் எடுக்கப் போனார். அலமாரி பூட்டியிருந்தது. ஆணியில் தொங்கும் சாவியைக் காணோம்.

பூ ஜாடிக்குள், பாட்டுப் புத்தகங்களுக்கு அடியில், ஆர்மோனியத்துக்குப் பின்னால் எல்லாம் தேடினார்கள். பிறகு ஒவ்வொரு தலையாகக் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பியது.

நழுவுவதற்கு எழுந்த கன்னக்கோல் அப்படியே நின்றுவிட்டான்.

"அவன் சட்டைப் பையைத் தடவிப் பாருங்க!" செயலாளர் பாய்ந்தார்.

"பை கிடக்கட்டும்" என்றார் போதகர். "தம்பி, இந்தப் பூட்டு உங்களுக்குப் பழக்கமானதுதானே? கொஞ்சம் திறந்து கொடுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

கன்னக்கோலுக்கு முகம் வெளுத்தது. "வேணாங்கய்யா. இனிமே எந்தப் பூட்டுலயும் கை வைக்க மாட்டேன்னு ஆண்டவர்கிட்ட சொல்லியிருக்கேன்."

"அன்னைக்கு அவரைக் கேட்காம திறந்தீங்க. இன்னைக்கு அவரே கூப்பிடுறார். வாங்க."

செயலாளரின் மனைவி கொண்டையிலிருந்து ஊசியை உருவி நீட்டினாள். "இந்தாங்கண்ணே."

செயலாளர் முறைத்தார்.

"என்னை ஏன் முறைக்கிறீங்க? நேரமாகுதுல்ல?"

ஒரே திருகல். டக்!

கிண்ணத்தை எடுத்தான். வைத்துவிட்டு ஓட இடம் பார்த்தான்.

"அங்கே வைக்காதீங்க. நீங்களே கொண்டு வாங்க."

பீடம் வரை வந்துவிட்டவன் இனி எங்கே நழுவுவது? முதல் ஆளாக மண்டியிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டே அப்பத்தை வாங்கினான். பக்கத்தில் செயலாளரின் மனைவி போய் மண்டியிட்டாள். வேறு வழியில்லாமல் செயலாளரும்.

ஆராதனை முடிந்து, வீட்டில் போதகரின் அங்கியை மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி அதன் பைக்குள் கைவிட்டாள். ஒரு கைக்குட்டை. அதற்குள், சத்தம் வராதபடி இறுக்கிச் சுற்றிய சாவி.

"ஏங்க! சபையே தேடுச்சே! வாயைத் திறக்காம நின்னீங்களே?"

"என்னை யார் கேட்டாங்க?" போதகர் சிரித்தார். "எல்லாரும் அவர் பையைத்தானே பார்த்தாங்க!"