அடுத்த மாதத்து பில்

கேசட் காலத்தில் நாற்பத்திரண்டு கிளைகளோடு கொடிகட்டிப் பறந்த இசைக் கடை, சிடி காலம் முடிவதற்குள் ஒரே கிளையாகச் சுருங்கியிருந்தது. அதையும் மாதக் கடைசியில் மூடப்போகிறார்களாம். தலைமை அலுவலகம் போய் வந்த காசாளர்தான் மேலாளரிடம் சொன்னாள்.

"அவங்க போகச் சொல்றதுக்கு முன்னாடி நாமளே எழுதிக் குடுத்துடலாம்க்கா. போனா ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்."

பதினெட்டு வருடப் பழக்கம். மேலாளர் மறுபேச்சில்லாமல் ராஜினாமாக் கடிதத்தை எழுதி அவளிடம் கொடுத்தாள்.

அன்று மதியமே ஒருவர் சிடியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். "மூணாவது பாட்டு நின்னு நின்னு பாடுதும்மா."

மேலாளர் பில்லை வாங்கிப் பார்த்தாள். தேதி அடுத்த மாதம் பதினான்கு. கடை முத்திரை சரியாக இருந்தது. மேலாளர் கையெழுத்துப் போடாமல் அங்கே எந்த பில்லும் வெளியே போகாது. இத்தனை வருடமாக இவள் போட்டுவந்த இடத்தில் காசாளரின் கையெழுத்து இருந்தது.

"இதை எப்ப வாங்குனீங்க?"

"போன வாரம்தான்," என்றவர் அவளை உற்றுப் பார்த்தார். "நீங்க இங்கதான் இருக்கீங்களா? வேலையே வேணாம்னு நீங்களா எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டதா அந்தம்மா சொன்னாங்களே."

அவர் கை காட்டிய பக்கம் காசாளர் உட்கார்ந்திருந்தாள். தலைமை அலுவலகத்து உறையில் ஒரே ஒரு கடிதத்தைப் போட்டு, நிதானமாக ஒட்டிக்கொண்டிருந்தாள்.