தினம் மூன்று கல்

சத்தியமாகச் சொல்கிறேன், சத்தம் போட்டே சொல்கிறேன்: இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் நாலு பல்லும் இந்த நிமிஷமே உதிரட்டும். இன்னும் உதிரவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

மஞ்சுளா டீச்சர் மறுபடியும் எண்ணினாள். பன்னிரண்டு.

திங்கட்கிழமை பதினெட்டு இருந்தது. செவ்வாய்க்கிழமை பதினைந்து. இன்றைக்குப் பன்னிரண்டு. தினம் மூன்று கல் எங்கே போகிறது?

பள்ளிபாளையத்துக்கு வெளியே அந்தப் பள்ளிக்கூடம். பின்னால் ஒரு வேப்பந்தோப்பு. வருகிற வெள்ளிக்கிழமை முதல் ஐந்தாம் வகுப்புக்கு அங்கேதான் 'தோப்பு வகுப்பு'. வெயிலுக்கு ஒதுங்க மூங்கில் கொட்டகை. அதற்கு முன்னால் தீக்குழி. குழியைச் சுற்றி, ஆற்றிலிருந்து அள்ளிவந்த வழுவழுப்பான உருண்டைக் கற்கள். இலை பார்ப்பது, பறவை பார்ப்பது, கடைசியில் தீ மூட்டிக் குச்சிக்கிழங்கு சுட்டுத் தின்பது. எல்லாம் மஞ்சுளாவின் பொறுப்பு.

"கல்லை முனி எடுக்குதுங்க டீச்சர்," என்றாள் ஆயா சென்னம்மாள், குரலை இறக்கி. "அது குடியிருக்கற மரத்துக்கடியில தீ மூட்டுனா சும்மா உடுமா? இன்னிக்கிக் கல்லு. நாளைக்கி ஆரோ!"

"சும்மா இருங்க ஆயா!" என்று அதட்டினாள் மஞ்சுளா. ஆனால் மரத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டாள்.

தாளாளர் தனசேகருக்கு முனி மேலெல்லாம் நம்பிக்கையில்லை.

"பெத்தவங்க அத்தனை பேரும் பார்க்க வர்றாங்க டீச்சர். இன்னும் ஒரு கல்லு குறைஞ்சாலும் திங்கக்கிழமை நீங்க வர வேண்டாங்க."

வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். வேறு வழி?

வியாழக்கிழமை விடியும்போதே கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டாள். மூங்கில் கிறீச்சிட்டபோதெல்லாம் உயிர் போய்ப் போய் வந்தது.

சருகு நொறுங்கியது. முனிக்குக் கால் உண்டா என்று யோசித்தாள். இதற்கு இருந்தது. பீடி நாற்றமும் இருந்தது.

வாட்ச்மேன் ஆண்டி! கையில் சாக்கு.

அந்த மனிதரைக் கண்டாலே அவளுக்கு உதறும். இடது கண் இருந்த இடத்தில் வெறும் குழி. பிள்ளைகள் 'ஒத்தக்கண்ணு' என்று கத்திவிட்டு ஓடுவார்கள்.

ஆண்டி குந்தினார். ஒரு கல்லை எடுத்துச் சின்னச் சுத்தியலால் தட்டினார். காதோரம் வைத்துக் கேட்டார். கீழே வைத்தார். அடுத்ததைத் தட்டினார், கேட்டார், சாக்கில் போட்டார்.

அவள் போட்ட கூச்சலில் தோப்புக் காக்கையெல்லாம் ஆற்றைத் தாண்டி ஈரோட்டுக்கே போய்ச் சேர்ந்தன.

பக்கத்து வீட்டிலிருந்து தனசேகர் ஓடிவந்தார். காவல் அறைக் கட்டிலுக்கு அடியில் மிச்சக் கற்களும் அகப்பட்டன.

"என்றா, காவலுக்கு வெச்சா களவாடறயா?"

"சார், கல்லு வந்து எறங்குன அன்னிக்கே உங்ககிட்டச் சொல்ல வந்தனுங்க..."

"நீ எனக்குச் சொல்லித் தர்றயா? அக்கட்டால போ!"

தனசேகர் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். கேட்டுக்கு அப்பால் நின்றபடி ஆண்டி கத்தினார். அந்த ஒற்றைக் கண் மஞ்சுளாவை விட்டு நகரவில்லை.

"டீச்சரம்மா! கல்லு டிக்குன்னா ஓடிருங்க!"

"சாபம் உட்டுட்டுப் போறான்," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் சென்னம்மாள்.

வெள்ளிக்கிழமை. பதினெட்டுக் கல்லும் வட்டமாக. சுற்றி முப்பது பிள்ளைகள். பெற்றோர் தள்ளி, நிழலில், நாற்காலிகளில். தீ நன்றாகப் பிடித்துக்கொண்டது. தனசேகர் பேச ஆரம்பித்தார், நிறுத்துவதாகத் தெரியவில்லை. மஞ்சுளாவுக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

யாழினி என்ற சின்னப்பெண், கிழங்கு வெந்துவிட்டதா என்று குனிந்து எட்டிப் பார்த்தாள்.

டிக்.

யாரும் கவனிக்கவில்லை.

டிக். டிக்.

"எந்திரிங்க! ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க!" யாழினியின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாய்ந்தாள் மஞ்சுளா. பிள்ளைகளும் சிதறி ஓடினார்கள்.

"என்ன டீச்சர் இது, பெத்தவங்க முன்னால..."

தனசேகர் முடிக்கவில்லை. படாரென்று ஒரு கல் வெடித்தது. பின்னாலேயே இன்னொன்று.

ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் கொட்டகைத் தூணில் கத்தி மாதிரி ஒரு கல் சில்லு செருகி நின்றது. யாழினியின் முகம் இருந்த அதே உயரம்.

அன்று சாயங்காலம் ஆண்டியின் வீட்டு வாசலில் போய் நின்றாள் மஞ்சுளா.

"ஆத்துக்கல்லு வயித்துல தண்ணி நிக்குமுங்க டீச்சரம்மா," என்றார் ஆண்டி. "சூடேறுனா வெடிச்சிரும். தட்டுனா கணீர்னு இல்லாம மொத்தையாச் சத்தம் வர்ற கல்லாப் பார்த்துத்தான் எடுத்தனுங்க. ஒரேயடியா எடுத்தா தெரிஞ்சிரும்னு தெனம் மூணு மூணா."

"உங்களுக்கு எப்படிங்கண்ணா தெரியும்?"

ஆண்டி இடது கண் குழியைத் தடவிக்கொண்டார்.

"நானும் அப்ப அஞ்சாவதுதானுங்க. ஆத்தங்கரையில கிழங்கு சுட்டோம்."

இப்போது தீக்குழியைச் சுற்றிச் செங்கல். கேட்டில் பழையபடி ஆண்டி. அன்றைக்கு முதல் 'டிக்' தன் காதில்தான் விழுந்தது என்று தனசேகர் மைக் கிடைத்த இடத்திலெல்லாம் சொல்லிவருகிறார்.

அப்படியில்லை என்று உங்களுக்குச் சொன்னது யார் என்பதை மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள். அவர் பள்ளி வேனில்தான் தினமும் ஓசியில் டவுனுக்குப் போய்வருகிறேன்.