அற்புதசாமி நம்பர்

“அந்த நம்பருக்கு அடிக்காதீங்கக்கா. அது வருஷக்கணக்கா சுத்திக்கிட்டிருக்கிற மெசேஜ். போனை எடுக்கிறவன் முதல்ல ஆட்டோவுக்குக் காசு போடச் சொல்லுவான்” என்றான் ஆசீர்.

ஜாஸ்லின் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. தில்லை நகரில் அந்த ஆஸ்பத்திரியின் மாடியில் அவளுடைய ஒரே தங்கையும் ஆசீரின் மனைவியுமான லின்சி பிரசவத்துக்குப் படுத்திருந்தாள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுக்க வேண்டும், ரத்தம் நிறையப் போகும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். லின்சிக்கோ ஓ நெகட்டிவ். ரத்த வங்கியில் அந்த வகை தீர்ந்துபோயிருந்தது. சாயங்காலத்துக்குள் இரண்டு பேராவது வந்து கொடுக்காவிட்டால் தாயும் பிள்ளையும் வீடு திரும்புவது ஆண்டவன் கையில்தான்.

காலையிலிருந்து இருவரும் தங்களுக்குத் தெரிந்த வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாம் கெஞ்சிவிட்டார்கள். கும்பிடுகிற கைகள் வந்தன. ‘ஜெபிக்கிறோம்’ வந்தது. ஆள்தான் வரவில்லை. போதாக்குறைக்கு, யாரோ ஒரு புண்ணியவான் இவர்களுக்கே ஒரு மெசேஜை அனுப்பிவைத்திருந்தார். நான்கு வயதுப் பெண் குழந்தைக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரம், தில்லை நகர், குழந்தையின் அப்பா அற்புதசாமி என்று போட்டு, கீழே ஒரு நம்பர். தேதி இல்லை. ஆஸ்பத்திரியின் பெயரும் இல்லை.

அதைப் பார்த்ததும் ஜாஸ்லினுக்கு ஒரு நப்பாசை. அந்தக் குழந்தைக்குக் கொடுக்க வந்தவர்களில் ஒருவராவது மிச்சமிருக்க மாட்டாரா?

மணி அடித்ததுமே எடுத்துவிட்டார்கள். “அற்புதசாமி அண்ணனா?” என்று ஆரம்பித்தவள், மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அழுதேவிட்டாள்.

“அது ரொம்பப் பழைய மெசேஜ்ங்க. அதை விடுங்க. உங்க தங்கச்சி எந்த ஆஸ்பத்திரியில இருக்காங்க?”

அதோடு விடவில்லை அந்த மனிதர். எந்த மாடி, எந்த டாக்டர், ரத்த வங்கி நம்பர் என்ன என்று துருவித் துருவிக் கேட்டார். இங்கே உயிர் ஊசலாடுகிறது, இவர் பெண் பார்க்க வந்தவர்போல விசாரிக்கிறாரே என்று ஜாஸ்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில், ரத்த வங்கியில் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

“நான்தான் சொன்னேன்ல” என்றான் ஆசீர்.

கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். “விசாரிச்சுட்டேங்க, நிஜம்தான். ஆள் அனுப்புறேன். சந்தேகப்பட்டேன்னு கோவிச்சுக்காதீங்க. பொய்க்கு ஒரு தடவை ஓடி வந்தவங்க அடுத்த தடவை நிஜத்துக்கும் வர மாட்டாங்க.”

அடுத்து, அவள் குரூப்பில் போட்ட மெசேஜைப் படிக்கச் சொன்னார். பள்ளிக்கூட வாத்தியாரே தோற்றுப்போவார். தேதி போடுங்கள், ஆஸ்பத்திரியின் பெயர் போடுங்கள், கீழே போட்ட நம்பர் சரிதானா என்று பக்கத்தில் இருப்பவரை விட்டு ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் அனுப்புங்கள் என்றார். ஜாஸ்லின் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே செய்தாள்.

முதலில் வந்தவர் ஹரிஹரசுதன். ஸ்ரீரங்கம் உத்திர வீதிக்காரர். கையில் ஹெல்மெட், நெற்றியில் வியர்வையில் கலைந்த திருமண். அவர் பின்னாலேயே அரியமங்கலத்தில் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கும் ஜோதி என்ற பெண், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்து நின்றாள். ஆட்டோவுக்கு யாரும் காசு கேட்கவில்லை. முன்பின் தெரியாத எங்களுக்காக எப்படி உடனே கிளம்பினீர்கள் என்று ஆசீர்தான் கேட்டான்.

“அவர் தீர விசாரிக்காம கூப்பிட மாட்டார் சார். அவர் கூப்பிட்டா நாங்க வேற எதுவும் கேக்கறதில்லை” என்றார் ஹரிஹரசுதன்.

ஆசீர் தலையைக் குனிந்துகொண்டான். 

இருட்டுவதற்குள் பெண் குழந்தை பிறந்தது. கொடுத்த ரத்தம் அத்தனையும் லின்சிக்குத் தேவைப்பட்டது. கண் திறந்து அக்காவைப் பார்த்து அவள் லேசாகச் சிரித்த பிறகுதான் ஜாஸ்லினுக்குக் கால் தரையில் பாவியது. முதல் வேலையாக அற்புதசாமிக்குப் போன் போட்டாள்.

அவருக்கும் சந்தோஷம்தான், குரலிலேயே தெரிந்தது. ஆனாலும் மனிதர் மாறவில்லை. ரத்தம் கிடைத்துவிட்டது, இனி யாரும் அனுப்ப வேண்டாம் என்று எல்லா குரூப்பிலும் போட்டுவிட்டு அப்புறம் ஸ்வீட் வாங்கப் போங்கள் என்றார். இப்போது அவளுக்குக் கோபம் வரவில்லை. தன் பிள்ளைக்கு ஒரு கஷ்டம் வந்து, அது தீர்ந்த பின்னும் ஊரார் பிள்ளைக்காக இப்படி உட்கார்ந்திருக்கிற ஒரு தகப்பனை அவள் கண்டதில்லை. கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

“பாப்பா இப்ப பெரிய பொண்ணா வளந்திருப்பாளே அண்ணே, எந்த ஸ்கூல்ல படிக்கிறா?”



“எனக்குத் தெரியாதுங்க. நான் அற்புதசாமி இல்ல, என் பேரு சர்ஃபராஸ். அந்த மெசேஜை எழுதினவங்க அவசரத்துல நம்பர்ல ஒரு எண்ணை மாத்தி அடிச்சுட்டாங்க. நானும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி எறங்கித் தேடினேன், கண்டுபிடிக்க முடியல. அன்னிக்கு அந்தப் புள்ளைக்கு ரத்தம் தர்றேன்னு கூப்பிட்டவங்க அத்தனை பேரும், இன்னிக்கு வந்தாங்களே அந்த ரெண்டு பேரும் சேத்து, எனக்குத்தாங்க கூப்பிட்டாங்க.”