நடவு வயலில் பதினான்கு பேர்

எங்கோ நெல் விளையும் ஒரு நாட்டில், வல்லரசு அறுபது வருடமாகக் கம்யூனிஸ்டுகளை ஒழித்துக்கொண்டிருந்தது. குண்டு போடுவதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். செத்த கம்யூனிஸ்டுகள் எத்தனை பேர் என்று வீடியோவைப் பார்த்து எழுதுவதுதான் வல்லரசின் மன்னார்குடி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இளவரசிக்கு வேலை.

அன்று காலை, சேற்றில் வரிசையாக விழுந்து கிடந்தவர்கள் பதினான்கு பெண்கள். சிலர் கையில் இன்னும் நாற்றுமுடி இருந்தது.

"நாசமாப் போறவனுங்க! நடவு நட்டுக்கிட்டிருந்த பொம்பளைங்கள அடிச்சிருக்கானுங்கக்கா!" என்று பக்கத்து நாற்காலி ரெஜினாவிடம் கத்திவிட்டு, செத்த கம்யூனிஸ்டுகள் பூஜ்யம் என்று எழுதினாள்.

திரை சிவந்தது. 'பூஜ்யம் என்றால் தாக்குதல் தோல்வி. இரண்டு நிமிடத்தில் அதே இடம் மறுபடி தாக்கப்படும்.'

வீடியோவில் ஊரே வயலுக்கு ஓடிவந்து, பிணங்களைத் தூக்க ஆரம்பித்திருந்தது. பிள்ளைகளும் வந்திருந்தார்கள்.

இளவரசி பல்லைக் கடித்துக்கொண்டு பூஜ்யத்தை அழித்தாள். பதினான்கு கம்யூனிஸ்டுகள் என்று எழுதினாள். திரை பச்சையாகி, வெற்றிக்கு வாழ்த்துச் சொன்னது.

"நாங்க எல்லாருமே அப்படித்தான்டி போடுறோம்," என்றாள் ரெஜினா, தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இல்லன்னா அறுபது வருஷமா அவன் எப்படி ஜெயிச்சுக்கிட்டே இருப்பான்?"