இருபத்திரண்டாவது அட்டை

அட்டையைக் கையில் எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அகராதி அலுவலகத்தில் காலைத் தேநீர் இன்னும் வரவில்லை. 'போக்கிரி' என்ற சொல் வரும் வாக்கியங்கள், அட்டைக்கு ஒன்றாக, இருபத்திரண்டு சேர்ந்திருந்தன. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அகராதியில் எடுத்துக்காட்டாகப் போட வேண்டும். அதுதான் அவள் வேலை.

இருபத்தொன்று கதைகளிலிருந்து வந்தவை. அட, கதையில் வரும் போக்கிரிகளுக்குப் பெயரா இருக்கிறது? கதாநாயகியை வழிமறிப்பார்கள். கதாநாயகனிடம் உதை வாங்குவார்கள். அடுத்த பக்கத்தில் ஆளைக் காணோம்.

கடைசி அட்டையில் ஒரு பழைய செய்தித்தாள் துண்டு ஒட்டியிருந்தது.

'குடிதண்ணீர் கேட்டு மறியல் செய்த போக்கிரிகளைக் கலைக்கப் போலீசார் சுட்டதில் தவசி (19) என்பவன் இறந்தான்.'

தவசி அவளுடைய அண்ணன்.

அன்று அவளுக்கு ஒன்பது வயது. ஊரில் நான்கு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. "இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவனுக்கு ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. அம்மா அந்த முகத்தை நினைவில் தேடித் தேடியே போய்ச் சேர்ந்தாள்.

எடுத்துக்காட்டில் ஆள் பெயர் வந்தால் அதை அடித்துவிட்டு மூன்று புள்ளி வைப்பது அங்கே வழக்கம். இத்தனை வருடத்தில் எத்தனையோ பெயர்களை அடித்திருக்கிறாள். ஒரு நாளும் கை கூசியதில்லை.

இன்று பேனாவைத் திறக்கவே முடியவில்லை.

பதிப்பாசிரியர் அருளானந்தம் அருகில் வந்து நின்றார்.

"என்னம்மா, மொகமே சரியில்ல?"

"இது எங்கண்ணன் சார்."

அவர் குனிந்து படித்தார். பதறிப்போனார்.

"ஐயையோ, இத எடுத்துருவோம்மா. கதையிலேருந்து ஒண்ணு போட்டுக்கலாம்."

"எடுக்காதீங்க சார்." அழக் கூடாது என்றுதான் நினைத்தாள். அழுதுவிட்டாள். "அவன் பேரு அச்சுல வந்தது இது ஒண்ணுலதான். அடிக்காமப் போடுங்க."

"கூடவே போக்கிரின்னு இருக்கேம்மா."

"தண்ணி கேட்டான்னும் இருக்குல்ல சார்? படிக்கிறவங்க பாத்துக்குவாங்க."



அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அட்டையை வாங்கி, ஒரு எழுத்தையும் தொடாமல், மூலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.